486 பலகையில் 160 ஜிபி சாட்டா டிஸ்க்: எம்எஸ்-டாஸ் 6.22 எதுவரை பார்க்கும்?

கரிப்பலகை
பலகை 486 டிஎக்ஸ்2-66, பயாஸ் (பலகையிலேயே பதிந்திருக்கும் தொடக்க நிரல்) தேதி 1994. டிஸ்க் 160 ஜிபி சாட்டா, நடுவில் சாட்டா–ஐடிஇ மாற்றி. ஓட வேண்டியது எம்எஸ்-டாஸ் 6.22, அதில் ஃபாக்ஸ்புரோவில் எழுதிய ஒரு கணக்கு நிரல், சில விளையாட்டுகள். பயாஸில் ஆட்டோ டிடெக்ட் கொடுத்தால் 8455 எம்பி என்று காட்டுகிறது. ஆனால் டிஸ்க்கைப் பிரிக்கும் டாஸ் நிரலான எஃப்டிஸ்க் 504 எம்பி என்கிறது. காலையில் முதல் தடவை ஆன் செய்யும்போது டிஸ்க்கே இல்லை என்று நின்றுவிடும், ரீசெட் அடித்தால் வந்துவிடும். மாற்றி கெட்டதா, டிஸ்க் கெட்டதா?

சிலிண்டர்1024
இரண்டும் கெடவில்லை. நீங்கள் பார்ப்பது மூன்று தனித்தனிப் பிரச்சினைகள்.

8455 என்பது டிஸ்க்கின் உண்மையான அளவு இல்லை. 8.4 ஜிபிக்கு மேலுள்ள எந்த ஐடிஇ டிஸ்க்கைக் கேட்டாலும் "16383 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார்" என்ற ஒரே பதிலைத்தான் சொல்லும். பெருக்கிப் பாருங்கள்: 1,65,14,064 செக்டார், அதாவது 8455 எம்பி. 20 ஜிபி டிஸ்க்கும் அதையே சொல்லும், 160 ஜிபி டிஸ்க்கும் அதையே சொல்லும். உண்மையான அளவு எல்பிஏ எண்ணில் (செக்டார்களை வரிசையாக எண்ணும் முறை) இருக்கிறது. உங்கள் பயாஸ் அதைப் படிக்கவே இல்லை.

504 எப்படி வந்தது? டாஸ் டிஸ்க்கிடம் நேரடியாகப் பேசாது. பயாஸின் டிஸ்க் சேவையான இன்டரப்ட் 13 வழியாகத்தான் பேசும். அதில் சிலிண்டருக்கு 10 பிட், ஹெட்டுக்கு 8 பிட், செக்டாருக்கு 6 பிட். ஐடிஇ பக்கத்தில் சிலிண்டருக்கு 16 பிட், ஹெட்டுக்கு 4 பிட், செக்டாருக்கு 8 பிட். இரண்டையும் நேராக ஒட்டினால் ஒவ்வொன்றிலும் சின்னதுதான் மிஞ்சும்: 1024 × 16 × 63. ஒரு செக்டார் 512 பைட், மொத்தம் 52,84,82,304 பைட். இதைத்தான் சிலர் 528 எம்பி என்கிறார்கள், சிலர் 504 எம்பி என்கிறார்கள். 10 லட்சத்தால் வகுத்தால் அது, 1024 × 1024-ஆல் வகுத்தால் இது.

இதைத் தாண்ட பயாஸ் ஒரு பொய் சொல்ல வேண்டும். "எனக்கு 255 ஹெட் இருக்கிறது" என்று டாஸிடம் சொல்லி, உள்ளே எல்பிஏ எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும். அப்போது 1024 × 255 × 63, அதாவது 8.4 ஜிபி வரை வரும். 256 ஹெட் ஏன் இல்லை என்றால், எம்எஸ்-டாஸ் ஹெட் எண்ணிக்கையை ஒரு பைட்டில் வைக்கிறது. 256 அதில் பூஜ்யமாகிவிடும், பூட் ஆகும்போதே தொங்கிவிடும்.

காலையில் டிஸ்க் தெரியாததற்குக் காரணம் சுழற்சி. 1994 பயாஸ் சில விநாடிகள்தான் காத்திருக்கும். தட்டு முழு வேகம் பிடிக்க 3.5 அங்குல டிஸ்க்குக்கு 8, 10 விநாடி ஆகலாம். ரீசெட் அடிக்கும்போது தட்டு ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பதால் உடனே பதில் சொல்கிறது. பயாஸில் "1 எம்பிக்கு மேல் நினைவகச் சோதனை", "பூட்டின்போது ஃப்ளாப்பி சீக்" இரண்டையும் எனேபிள் செய்யுங்கள். அந்தச் சோதனை ஓடி முடிவதற்குள் டிஸ்க் தயாராகிவிடும்.

பயாஸில் நார்மல் / லார்ஜ் / எல்பிஏ என்று ஏதாவது தேர்வு இருக்கிறதா?

கரிப்பலகை
இல்லை. 1 முதல் 46 வரை டைப், 47 யூசர். அவ்வளவுதான்.

ரோம்சாக்கெட்
அப்படியானால் எக்ஸ்டி-ஐடிஇ யுனிவர்சல் பயாஸ், தாய்ப்பலகை பயாஸுக்குப் பதிலாக டிஸ்க்கைக் கையாளும் கூடுதல் பயாஸ். இலவசம், மூலநிரலும் திறந்தது. பெயரில் எக்ஸ்டி இருந்தாலும் 286-க்கும் 386-க்கும் தனித்தனி பிம்பம் (ரோமில் எரிக்கும் கோப்பு) உண்டு. 48 பிட் எல்பிஏ தெரியும். அதனால் 137 ஜிபி தடையும் இல்லை.

வைக்கும் இடம்: ஐஎஸ்ஏ நெட்வொர்க் கார்டுகளில் காலியாகக் கிடக்கும் பூட் ரோம் சாக்கெட். 3காம் 3சி509பி போன்ற கார்டில் 28 கால் சாக்கெட் இருக்கும். கேபிள் செருகத் தேவையில்லை, கார்டு ஸ்லாட்டில் உட்கார்ந்திருந்தால் போதும்.

வேலை இப்படிப் போகும். டாஸில் எக்ஸ்டிஐடிஇசிஎஃப்ஜி என்ற அமைப்பு நிரலைத் திறந்து, 386-க்கான பிம்பத்தை ஏற்றுங்கள். உங்கள் 486-க்கும் அதுதான். ஆட்டோ கான்ஃபிகர் கொடுங்கள். 1எஃப்0 போர்ட்டில் 16 பிட் கன்ட்ரோலர் என்று பிடிக்கும். பிறகு அந்த நிரலுக்குள்ளேயே சேமியுங்கள், இதை விட்டுவிடாதீர்கள். சேமிக்கும்போதுதான் செக்சம் பைட் சரிசெய்யப்படும். எல்லா பைட்டுகளின் கூட்டலும் 256-ஆல் மீதியின்றி வகுபடாவிட்டால் தாய்ப்பலகை அந்த ரோமைச் சீண்டாது. பலரும் இறக்கிய பிம்பத்தை அப்படியே சில்லில் எரித்துவிட்டு "ஒன்றும் வரவில்லை" என்று வருவது இதனால்தான்.

சில்லு 27சி64, 8 கிலோபைட். அது கிடைக்காமல் 27சி256 போட்டால், அதே 8 கிலோபைட் பிம்பத்தை நான்கு தடவை அடுத்தடுத்து எழுதி நிரப்புங்கள். மேல் முகவரிக் கால்கள் கார்டில் எங்கே கட்டப்பட்டிருந்தாலும் அப்போது பிரச்சினை இல்லை. சாக்கெட்டில் சில்லின் பள்ளம் திசை மாறினால் சில்லு சூடாகிச் செத்துவிடும், பார்த்துச் செருகுங்கள்.

கார்டின் அமைப்பு நிரலில் பூட் ரோமை எனேபிள் செய்து முகவரி டி000, அளவு 8 கிலோபைட் கொடுங்கள். கடைசியாகத் தாய்ப்பலகை பயாஸில் ஹார்ட் டிஸ்க் இரண்டையும் "இல்லை" என்று வைக்க வேண்டும். அங்கேயும் டைப் 47 இருந்தால் ஒரே டிஸ்க்கை இரண்டு பயாஸ்கள் பிடித்துக்கொண்டு டாஸுக்கு இரண்டு டிஸ்க்காகக் காட்டும்.

இஎம்எம்386 (டாஸின் மேல்நினைவக டிரைவர்) ஏற்றினால் அதற்கு இந்த இடத்தை விலக்கச் சொல்லுங்கள்: கான்ஃபிக் கோப்பில் அந்த வரியின் கடைசியில் எக்ஸ்=டி000-டி1எஃப்எஃப். இல்லாவிட்டால் அந்த முகவரியில் மேல்நினைவகத்தைப் பொருத்திவிடும், டிஸ்க்கைத் தொடும் அடுத்த நொடியே தொங்கும். பயாஸில் டி000-க்கு ஷேடோ இருந்தால் எனேபிள் செய்யலாம். ஐஎஸ்ஏ ரோமிலிருந்து 8 பிட்டாகப் படிப்பதைவிட ரேமிலிருந்து ஓடுவது வேகம். எக்ஸ்டி-ஐடிஇயின் ஃபுல் மோடில் 640 கிலோபைட் நினைவகத்தில் ஒரு கிலோபைட் போகும், மெம் கட்டளை 639 காட்டினால் பயப்பட வேண்டாம்.

கார்டுபோதும்
இவ்வளவு சுற்ற வேண்டுமா? 6.22 எப்படியும் 8.4 ஜிபிக்கு மேல் பார்க்காது. 160-இல் 151 ஜிபி சும்மா கிடக்கும். ஒரு 2 ஜிபி அல்லது 4 ஜிபி காம்பாக்ட் ஃப்ளாஷ், ஒரு சிஎஃப்–ஐடிஇ அடாப்டர். சத்தமில்லை, சூடில்லை, சுழலக் காத்திருக்கவும் வேண்டாம். சிஎஃப் கார்டு ட்ரூ ஐடிஇ மோடில் நேராகவே ஐடிஇ பேசும், நடுவில் மொழிபெயர்ப்புச் சில்லு கிடையாது. எஸ்டி–ஐடிஇ அடாப்டரில் அந்தச் சில்லு உண்டு, பழைய பயாஸ்களோடு தகராறு செய்வது பெரும்பாலும் அதுதான்.

504 எம்பி போதுமென்றால் உங்கள் பயாஸே போதும், ரோம் எரிக்கத் தேவையில்லை. கணக்கு நிரலும் நாலு விளையாட்டும் 504-இல் அடங்காதா?

கவனிக்க வேண்டியது இரண்டு. ஒரே கேபிளில் இரண்டு சிஎஃப் கார்டு போட்டால் பல ஜோடிகள் ஒத்துப்போகாது. ஒன்றை இரண்டாவது கேபிளுக்கு மாற்றுங்கள். அடுத்தது, ஒரு கணினியில் பிரித்த கார்டை இன்னொன்றில் போடும்போது ஜியாமெட்ரி (சிலிண்டர், ஹெட், செக்டார் கணக்கு) மாறும். 16 ஹெட் கணக்கில் பிரித்த கார்டை 255 ஹெட் சொல்லும் பயாஸில் செருகினால் பூட் செக்டார் தவறான இடத்தைத் தேடும். படிக்க முடியாமல் போவதோடு விட்டால் அதிர்ஷ்டம். அதை எழுதவிட்டால், கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று குறிக்கும் ஃபேட் அட்டவணை போச்சு. எந்தக் கணினியில் ஓட வேண்டுமோ அந்தக் கணினியிலேயே எஃப்டிஸ்க் போடுங்கள்.

சிலிண்டர்1024
கார்டுபோதும் சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். ஆனால் கணக்கு நிரல் நாள் முழுக்கச் சின்னச் சின்னதாக எழுதும். மலிவான கேமரா கார்டில் ஃபேட் செக்டார்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதப்படுவது நல்லதல்ல. எஸ்எல்சி வகைத் தொழிற்சாலைத் தரக் கார்டு கிடைத்தால் சரி. இல்லாவிட்டால் சுழலும் டிஸ்க்கே மேல்.

மாற்றி வாங்குகிறவர்களுக்கு ஒன்று: கடையில் "சாட்டா–ஐடிஇ" என்று மட்டும் கேட்காதீர்கள். பழைய தாய்ப்பலகை, புது டிஸ்க் என்பது ஒரு திசை. புதுத் தாய்ப்பலகை, பழைய டிஸ்க் என்பது எதிர்த்திசை. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உங்களுக்கு வேண்டியது டிஸ்க்கின் சாட்டா முனையில் செருகி, மறுபக்கம் 40 ஊசி ஐடிஇ கேபிளை வாங்கும் வகை. அதைக் கேபிளில் தனியாக மாஸ்டராக விடுங்கள். சிடி டிரைவை அதே கேபிளில் ஸ்லேவாகத் தொங்கவிட்டுப் பிறகு மாற்றியைத் திட்டாதீர்கள்.

கரிப்பலகை
ரோம் வழியில் போனேன். கார்டு டிஸ்க்கின் பெயரைத் திரையில் காட்டுகிறது, எஃப்டிஸ்க் இப்போது 8000 எம்பி சொச்சம் காட்டுகிறது. ஆனால் ஏற்கெனவே "நான்-டாஸ்" என்று ஒரு பார்ட்டிஷன் இருந்தது. அதை அழித்துவிட்டு 2047-ஆகப் பிரித்தேன். சி: ஃபார்மேட் ஆகிவிட்டது. டி: செய்யும்போது இன்வேலிட் மீடியா என்று பிழை வருகிறது. சி:-யிலிருந்து பூட்டும் ஆகவில்லை.

இருமவாசி
டிஸ்க் விண்டோஸ் 10 கணினியிலிருந்து வந்ததா? அந்த நான்-டாஸ் பார்ட்டிஷன் ஜிபிடி-யின் (புதுப் பாணிப் பார்ட்டிஷன் அட்டவணை) காவல் பதிவு. வகை எண் இஇ. அதை எஃப்டிஸ்க்கில் அழித்தாலும் மிச்சம் இருக்கும். ஜிபிடி டிஸ்க்கின் முதல் செக்டாரில் பெரும்பாலும் பூட் நிரலே இருக்காது. எஃப்டிஸ்க் அட்டவணையைத்தான் மாற்றியது. அதோடு டிஸ்க்கின் நடுவில் பழைய என்டிஎஃப்எஸ் தரவு அப்படியே கிடக்கிறது. டி:-யின் முதல் செக்டார் விழுந்த இடத்தில் ஏதோ பழைய குப்பை இருந்தால் ஃபார்மேட் அதைப் படித்துக் குழம்பும்.

சுத்தமாகச் செய்யலாம். டிஸ்க்கை ஒரு லினக்ஸ் கணினியில் மாட்டி, டிடி கட்டளையால் முதல் 8.5 ஜிபியைப் பூஜ்யத்தால் நிரப்புங்கள். சில நிமிட வேலைதான். எந்த டிஸ்க் என்பதை இரண்டு தடவை சரிபார்த்த பிறகு என்டர் தட்டுங்கள், அந்தக் கட்டளை "நிச்சயமா?" என்று கேட்காது.

பிறகு 486-இல், 6.22 ஃப்ளாப்பியிலிருந்து:

எஃப்டிஸ்க் /எம்பிஆர் போட்டு பூட் நிரலை எழுதுங்கள். எஃப்டிஸ்க்கில் முதன்மைப் பார்ட்டிஷன் 2047 எம்பி. முழு டிஸ்க்கையும் எடுத்துக்கொள்ளாததால் அது தானாக ஆக்டிவ் ஆகாது. மெனுவில் இரண்டாவது தேர்வில் போய் நீங்களே ஆக்டிவ் ஆக்க வேண்டும். சி: பூட் ஆகாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். மீதி முழுவதையும் எக்ஸ்டெண்டட், அதற்குள் 2047, 2047, மிச்சம் என்று மூன்று லாஜிக்கல். கடைசியானது சுமார் 1880 எம்பி வரும். மறுபடி பூட் செய்யாமல் ஃபார்மேட் போடாதீர்கள். எஃப்டிஸ்க் எழுதியது டாஸின் நினைவுக்கு வராது. சி:-க்கு ஃபார்மேட் /எஸ், மற்றவற்றுக்கு ஃபார்மேட் /யு. /யு போட்டால் பழையதை மீட்கும் தகவலைச் சேமிக்கப் பார்க்காது, குப்பையைப் படிக்கவும் போகாது.

ஏன் 2047? ஃபேட்16-இல் அதிகபட்சம் 65,524 கிளஸ்டர் (கோப்புக்கு ஒதுக்கும் மிகச் சிறிய துண்டு), ஒன்று 32 கிலோபைட். அதுதான் 2 ஜிபி.

ஆனால் நான்கையும் 2 ஜிபியாக வைப்பது நல்லதா என்பது வேறு கேள்வி. 1 ஜிபிக்கு மேல் போனால் கிளஸ்டர் 32 கே. 512 எம்பிக்கு மேல் 1 ஜிபி வரை 16 கே. 256-க்கு மேல் 512 வரை 8 கே. ஒரு பைட் கோப்பும் ஒரு கிளஸ்டரைத் தின்னும். சராசரியாகக் கோப்புக்கு அரைக் கிளஸ்டர் வீண். 10,000 சின்னக் கோப்புகள் இருந்தால் 2 ஜிபி பார்ட்டிஷனில் ஏறத்தாழ 160 எம்பி காற்றில் போகும், 500 எம்பி பார்ட்டிஷனில் 40.

கார்டுபோதும்
வீணாவதைவிட முக்கியமானது பழைய நிரல்களின் கணக்கு. காலியிடம் எவ்வளவு என்று டாஸைக் கேட்டால் கிளஸ்டர் எண்ணிக்கை, ஒரு கிளஸ்டருக்கு எத்தனை செக்டார், ஒரு செக்டாருக்கு எத்தனை பைட் என்று மூன்று எண் வரும். நிரல் எழுதியவர் கடைசி இரண்டையும் பெருக்கி, குறியுள்ள 16 பிட் எண்ணில் வைத்திருந்தால் 32,768 என்பது கழித்தல் 32,768 ஆகிவிடும். டிஸ்க் காலியாக இருக்கும்போதே "இடம் போதவில்லை" என்று இன்ஸ்டாலர் சொல்வது இதனால்தான். பாதி நிரப்பினால் ஓடும், காலியாக இருந்தால் ஓடாது என்ற வேடிக்கைக்குக் காரணம், கிளஸ்டர் எண்ணிக்கையையும் அதேபோல் வைப்பது; பாதி நிரம்பியதும் அது 32,767-க்குக் கீழே வந்துவிடுகிறது.

ஆகவே விளையாட்டுக்கும் பழைய இன்ஸ்டாலர்களுக்கும் 500 எம்பிக்குள் ஒரு பார்ட்டிஷன் வைத்துக்கொள்ளுங்கள். கிளஸ்டர் 8 கே. கிளஸ்டர் அளவால் வரும் 32,768 பிரச்சினை எழாது.

ஏழுபுள்ளிஒன்று
எல்லோரும் 6.22-ஐக் கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். எக்ஸ்டி-ஐடிஇ வந்துவிட்ட பிறகு விண்டோஸ் 98-க்கு அடியில் இருக்கும் எம்எஸ்-டாஸ் 7.1, அல்லது ஃப்ரீடாஸ் போடலாமே. இரண்டுக்கும் ஃபேட்32 தெரியும், இன்டரப்ட் 13-இன் நீட்டிப்பும் தெரியும். 8.4 ஜிபி தடையே இல்லை. 160 ஜிபியும் கிடைக்கும், கிளஸ்டர் வீணும் குறையும்.

சிலிண்டர்1024
கிடைக்கும். அதற்கு விலையும் உண்டு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எஃப்டிஸ்க்: விண்டோஸ் 98-உடன் வந்த முதல் பதிப்பு 64 ஜிபிக்கு மேலுள்ள டிஸ்க்கின் அளவை 64-ஆல் வகுத்த மீதியாகக் காட்டும். பிறகு வந்த திருத்தப் பதிப்பை எடுங்கள், அல்லது ஃப்ரீடாஸின் எஃப்டிஸ்க். ஃபார்மேட்டும் பெரிய பார்ட்டிஷனில் தவறான எண்ணைக் காட்டும், ஆனால் வேலையைச் சரியாகத்தான் செய்யும்.

ஸ்கேன்டிஸ்க்: ஒரே தொகுதியாக 16 எம்பிக்குக் கொஞ்சம் குறைவான ஃபேட் அட்டவணையைத்தான் அதனால் கையாள முடியும். அதாவது 41,77,920 கிளஸ்டர். 32 கே கிளஸ்டரிலும் அது 127 ஜிபி சொச்சத்தில் நின்றுவிடும். சரிபார்க்க முடியாத பார்ட்டிஷனில் கணக்கு வழக்கை வைப்பீர்களா?

வேகம்: 120 ஜிபி பார்ட்டிஷனில் ஃபேட் அட்டவணை மட்டும் 15 எம்பி. காலியிட எண்ணிக்கை கையில் இல்லாதபோது முதல் டிஐஆர் கட்டளை அது முழுவதையும் படிக்கும். உங்கள் 486 விநாடிக்கு 2 எம்பி படிக்கிறது என்று வைத்தால் 8 விநாடி திரை சும்மா நிற்கும். டிஸ்க் செத்துவிட்டது என்று நினைத்து ரீசெட் அடிக்காதீர்கள்.

நினைவகம்: 7.1-இன் உட்கரு 6.22-ஐவிடப் பெரிது. 600 கிலோபைட்டுக்கு மேல் கேட்கும் விளையாட்டுகளுக்கு அது தெரியும்.

உண்மையான ஆபத்து சுற்றிவருதல். ஃபேட்32-க்கு வகை எண் 0பி என்றால் சிஹெச்எஸ் வழி, 0சி என்றால் எல்பிஏ வழி. எக்ஸ்டெண்டட் என்றால் 05-உம் 0எஃப்-உம், பெரிய ஃபேட்16 என்றால் 06-உம் 0இ-உம் அதேபோல் ஜோடி. 8.4 ஜிபி கோட்டைத் தாண்டும் பார்ட்டிஷனுக்குத் தவறுதலாக 0பி அல்லது 05 என்று குறித்தால், 1024-ஆவது சிலிண்டருக்கு மேல் எழுதுவது டிஸ்க்கின் தொடக்கத்தில் போய் விழும். பிழைச்செய்தி எதுவும் வராது. 8 ஜிபி நிரம்பும் வரை எல்லாம் நன்றாக ஓடும். பிறகு ஒருநாள் டைரக்டரி முழுக்க விநோத எழுத்துகள். இதே கதை 137 ஜிபி கோட்டிலும் நடக்கும், அங்கே காரணம் 28 பிட் எல்பிஏ மட்டுமே தெரிந்த பயாஸ். 2 அடுக்கு 28 × 512 = 137.4 ஜிபி.

எதிர்ப்பக்கமும் உண்டு. 6.22-க்கு 0இ, 0எஃப், 0பி, 0சி நான்கும் கண்ணில் படாது. விண்டோஸ் 98 எஃப்டிஸ்க்கில் பிரித்த டிஸ்க்கை 6.22-இல் போட்டு "பார்ட்டிஷன் காணாமல் போச்சு" என்று மறுபடி பிரித்தால் இருந்ததும் போகும்.

இருமவாசி
சுற்றிவருதலைத் தரவு வைப்பதற்கு முன்பே சோதிக்கலாம். முதல் சில செக்டார்களை ஒரு டிஸ்க் எடிட்டரில் குறித்து வையுங்கள். கடைசிப் பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்து, நிரம்பும் வரை பெரிய கோப்புகளை நகலெடுங்கள். மீண்டும் பூட் செய்து முதல் செக்டார்களை ஒப்பிடுங்கள். பிறகு சி:-யில் உள்ள கோப்புகளை மூலத்தோடு எஃப்சி /பி போட்டு ஒப்பிடுங்கள். ஒரு பைட் மாறினாலும் எங்கோ ஒரு அடுக்கு சுற்றுகிறது.

பயாஸ் மேல் சந்தேகம் இருந்தால் பிரித்து மட்டும் தப்பிக்கலாம்: கடைசிப் பார்ட்டிஷன் 120 ஜிபிக்குள் முடியட்டும், மீதி 40 ஜிபியைத் தொடாதீர்கள்.

டிஸ்க்கைக் கண்டதுமே தொங்கும் பயாஸ்களும் உண்டு. 1990களின் பிற்பகுதிப் பலகைகள் சிலவற்றில் 33.8 ஜிபியைத் தாண்டினால் சிலிண்டர் எண்ணிக்கை 65,535-ஐ மீறி, டிடெக்ட் செய்யும் இடத்திலேயே நிற்கும். ஐடிஇ டிஸ்க்கில் 32 ஜிபிக்குக் குறுக்கும் ஜம்பர் இருக்கலாம், லேபிளில் பாருங்கள். சாட்டா டிஸ்க்கில் பெரும்பாலும் ஜம்பர் கிடையாது. லினக்ஸில் ஹெச்டிபார்ம் கருவியின் -என் தேர்வால் டிஸ்க் தன்னையே சின்னதாகச் சொல்லும்படி செய்யலாம். 6.22-க்கென்றால் 1,64,50,560 செக்டார் கொடுங்கள், அது சரியாக 1024 × 255 × 63. எண்ணுக்கு முன்னால் பி சேர்த்தால் மின்சாரம் போனாலும் நிலைக்கும். மாற்றியோ யுஎஸ்பி பெட்டியோ இடையில் இருந்தால் இந்தக் கட்டளை போய்ச்சேராமல் போகலாம். தாய்ப்பலகையின் சாட்டா முனையில் நேராகச் செருகிச் செய்யுங்கள்.

நாலுகே
யாரும் 4 கே செக்டாரைப் பற்றிப் பேசவில்லையே. புது டிஸ்க்குகளின் உள்ளே செக்டார் 4096 பைட். டாஸ் எஃப்டிஸ்க் பார்ட்டிஷனை 63-ஆவது செக்டாரில் தொடங்கும். 63 எட்டால் வகுபடாது. ஆகவே ஒவ்வொரு எழுத்துக்கும் டிஸ்க் உள்ளே படித்து, திருத்தி, மறுபடி எழுத வேண்டும். 7200 சுழற்சி டிஸ்க்கில் ஒரு சுற்று 8.3 மில்லிவிநாடி வீண். லினக்ஸில் 2048-ஆவது செக்டாரில் தொடங்கும்படி பிரித்துவிட்டு டாஸில் ஃபார்மேட் போடுவதுதான் சரி.

இருமவாசி
கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது என்பதைவிடத் தரவுப் பகுதி எங்கே தொடங்குகிறது என்பதுதான் முக்கியம்.

டாஸ் ஃபார்மேட் செய்த முழு 2 ஜிபி ஃபேட்16-இல் பூட் செக்டார் 1, ஃபேட் அட்டவணை 256 வீதம் இரண்டு, ரூட் டைரக்டரி 32. மொத்தம் 545. 63-இல் தொடங்கினால் தரவு 608-இல் ஆரம்பிக்கும். 608 என்பது 8 × 76. கச்சிதம்! நீங்கள் சொன்ன 2048-இல் தொடங்கினால் 2593, அது எட்டால் வகுபடாது. நல்லது செய்யப்போய்க் கெடுத்தது போல ஆகிவிடும்.

இது சி:-க்கு மட்டும் கிடைக்கும் அதிர்ஷ்டம். லாஜிக்கல் பார்ட்டிஷன்கள் சிலிண்டர் எல்லையில் தொடங்கும். ஒரு சிலிண்டர் 16,065 செக்டார், எட்டால் வகுத்தால் மீதி 1. ஆகவே முழு 2 ஜிபி லாஜிக்கல் என்றால் அது தொடங்கும் சிலிண்டர் எண் எட்டின் மடங்காக இருந்தால் மட்டும் சரியாக விழும். சி: 261 சிலிண்டர் எடுத்திருந்தால் டி: சரியாக விழாது. அளவு குறைந்தால் ஃபேட் அட்டவணையின் நீளமும் மாறும், கணக்கு மறுபடி முதலிலிருந்து.

சிலிண்டர்1024
அழகான கணக்கு. ஆனால் கரிப்பலகையின் டிஸ்க்குக்கு இரண்டு பேர் சொல்வதும் பொருந்தாது. 160 ஜிபி டிஸ்க்குகள் பெரும்பாலும் 4 கே காலத்துக்கு முந்தையவை, உள்ளேயும் 512 பைட்தான். ஹெச்டிபார்ம் -ஐ கொடுத்தால் பிசிகல் செக்டார் அளவு தெரியும், பார்த்துவிட்டுக் கவலைப்படுங்கள்.

உள்ளே 4 கே, வெளியே 512 என்று நடிக்கும் டிஸ்க் என்றாலும் டாஸ் ஓடும், மெதுவாக ஓடலாம், அவ்வளவே. வெளியேயும் 4096 என்றே சொல்லும் டிஸ்க் என்றால் டாஸ் அதைத் தொடவே முடியாது. அதற்கு மருந்தில்லை. 2.2 டிபிக்கு மேலும் அப்படித்தான், எம்பிஆர் அட்டவணையில் செக்டார் எண்ணுக்கு 32 பிட்தான் இடம்.

ரோம்சாக்கெட்
ஃபாக்ஸ்புரோ என்று சொன்னதால் டாஸின் டிஸ்க் கேஷ் நிரலான ஸ்மார்ட்டிரைவ் பற்றி. வேகத்துக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் எழுதுவதைத் தாமதப்படுத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். 6.22-இல் ஸ்மார்ட்டிரைவ் வரியில் /எக்ஸ் சேர்த்தால் எல்லா டிரைவுக்கும் அணையும். டிரைவ் எழுத்தை மட்டும், கூட்டல் குறி இல்லாமல் கொடுத்தால் அந்த டிரைவுக்குப் படிப்பது மட்டும் கேஷ் ஆகும். தாமத எழுத்து ஓடும்போது மின்சாரம் போனால் ஃபாக்ஸ்புரோவின் தரவு இருக்கும் டிபிஎஃப் கோப்பு ஒரு நிலையில், இன்டெக்ஸ் வேறொரு நிலையில் நிற்கும். யுபிஎஸ் இருக்கிறது என்பவர்கள் அணைப்பதற்கு முன் ஸ்மார்ட்டிரைவ் /சி கொடுத்துவிட்டு அணையுங்கள்.

விண்டோஸ் 3.1-உம் போடுவதாக இருந்தால் 32 பிட் டிஸ்க் அக்சஸை எனேபிள் செய்யாதீர்கள். அதோடு வரும் டிரைவர் பழைய டபிள்யூடி1003 கன்ட்ரோலருக்கு எழுதியது, 504 எம்பிக்கு மேல் தெரியாது.

புதுப்பலகை
இடையில் ஒரு கேள்வி. பழைய பலகை இல்லாமல், இன்றைய கணினியில் எஸ்எஸ்டி போட்டு டாஸ் ஓட்ட முடியுமா?

இருமவாசி
பயாஸ் அமைப்பில் சிஎஸ்எம் (பழைய பயாஸ் போல நடக்கும் பகுதி) என்ற தேர்வு இருந்தால் முடியும். டாஸ் கேட்பது இன்டரப்ட் 13 மட்டுமே. சாட்டா ஏஹெச்சிஐ மோடில் இருந்தாலும் அந்தச் சேவையைச் சிஎஸ்எம் தரும், டிரைவர் தேவையில்லை. என்விஎம்இ என்றால் அதற்கான பழைய பாணி ரோம் பலகையிலோ எஸ்எஸ்டியிலோ இருக்க வேண்டும், பலவற்றில் இருக்காது. யுஇஎஃப்ஐ (பயாஸின் இடத்தில் வந்த புதிய தொடக்க நிரல்) மட்டுமே உள்ள பலகையில் ஃப்ரீடாஸும் நேரடியாக பூட் ஆகாது.

எந்த இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் ட்ரிம் கட்டளையை டாஸ் அனுப்பாது. எஸ்எஸ்டியை முதலில் செக்யூர் எரேஸ் செய்துவிட்டு, தேவையான அளவு மட்டும் பிரித்து மீதியைத் தொடாமல் விட்டால் போதும். 120 ஜிபி எஸ்எஸ்டியில் 8 ஜிபி மட்டும் பிரித்தால் உள்ளே தேய்மானத்தைப் பகிர 112 ஜிபி இருக்கிறது. டாஸின் எழுதும் வேகத்துக்கு அது ஆயுளுக்கும் காணும்.

கரிப்பலகை
பூஜ்யம் நிரப்பி, மறுபடி பிரித்தேன். 6.22-தான். சி: 500 எம்பி, விளையாட்டும் இன்ஸ்டாலர்களும். டி: 1000 எம்பி, ஃபாக்ஸ்புரோ. இ: 2047, காப்பு நகல். மற்றதை விட்டுவிட்டேன். எஃப்சி ஒப்பீட்டில் வித்தியாசம் இல்லை. டி000 விலக்கு போட்ட பிறகு இஎம்எம்386-உம் தொங்கவில்லை.

காலைத் தொல்லை மட்டும் இன்னும் இருக்கிறது. நினைவகச் சோதனை 16 எம்பிதான், சீக்கிரம் முடிந்துவிடுகிறது. இன்னொரு சந்தேகம்: பழைய 420 எம்பி டிஸ்க்கை இரண்டாவது கேபிளில் மாட்டினால் டி: எழுத்து மாறுமா?

ரோம்சாக்கெட்
மாறும். டாஸ் முதலில் எல்லா டிஸ்க்குகளின் முதன்மைப் பார்ட்டிஷன்களுக்கு எழுத்து கொடுக்கும், பிறகுதான் லாஜிக்கல். 420-இல் முதன்மை இருந்தால் அது டி: ஆகிவிடும், உங்கள் ஃபாக்ஸ்புரோ இ:-க்குத் தள்ளப்படும், நிரலுக்குள் எழுதிய பாதைகள் எல்லாம் உடையும். 420-இன் தரவை நகலெடுத்த பிறகு அதில் முதன்மையே இல்லாமல் எக்ஸ்டெண்டட், லாஜிக்கல் என்று மட்டும் பிரியுங்கள். அப்போது எஃப்: ஆகக் கடைசியில் உட்காரும். அந்தக் கேபிளையும் எக்ஸ்டி-ஐடிஇ பார்க்க வேண்டும், அமைப்பு நிரலில் 170 போர்ட்டை இரண்டாவது கன்ட்ரோலராகச் சேர்த்து, சேமித்து, சில்லை மறுபடி எரியுங்கள்.

காலைத் தொல்லைக்கு: டிஸ்க்கைக் காணவில்லை என்று நின்றதும் பவரை அணைக்காதீர்கள், அணைத்தால் தட்டு நின்று மறுபடி முதலிலிருந்து. கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் அடியுங்கள். அதற்குள் தட்டு வேகம் பிடித்திருக்கும். அதுவும் வேண்டாமென்றால் டிஸ்க்குக்கு வரும் மின்கம்பியைச் சரிபாருங்கள். 1994 காலத்து 200 வாட் சப்ளையில் 12 வோல்ட் வழி மெலிந்திருந்தால் சுழலத் தொடங்கும் நேரத்தில் 2 ஆம்பியர் கேட்கும் டிஸ்க் திணறும், 10 விநாடி 15 ஆகும். ஒய் பிரிப்பானில் தொங்கவிடாமல் சப்ளையின் தனிக் கம்பியில் கொடுங்கள். 2.5 அங்குல டிஸ்க் கைவசம் இருந்தால் அது 5 வோல்ட்டில் மட்டும் ஓடும், சுழல எடுக்கும் நேரமும் குறைவு.